உள்ளே விளையும் வாசம்: ஊது அத்தரைப் புதிதாக அறிய வருபவருக்கு

அத்தர்க் கடைக்குள் புதிதாக நுழைபவரை முதலில் திகைக்க வைப்பது விலை. ஒரே அலமாரியில் 'ஊது' என்று எழுதிய இரண்டு குப்பிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று சில நூறு ரூபாய். மற்றொன்றை வாங்க ஒருவரின் மாதச் சம்பளம் போதாது. இரண்டையும் முகர்ந்து பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். மலிவானது உடனே இனிமையாக மணக்கும். விலை கூடியதோ முதல் மூச்சில் பதனிட்ட தோலையும் மாட்டுக் கொட்டிலையும் நினைவுபடுத்தும். எது அசல், எதற்கு இவ்வளவு பணம், எதை வாங்குவது என்று தெரியாமலே பலர் வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஊது பற்றிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனால் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. மரத்துக்குள் வாசம் விளைந்திருக்கிறதா இல்லையா என்பது வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. விலை ஏறியதும், காடு அழிந்ததும், கலப்படம் பெருகியதும் இந்த ஓர் உண்மையால்தான். இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை எளிதில் பிடிபடும்.

மரமும் காயமும்

அகில் என்றும் அகர் என்றும் சொல்லப்படும் ஊதுக்கட்டை, அக்விலாரியா, கைரினாப்ஸ் என்ற இரு இனத் தொகுதிகளின் மரங்களில் விளைவது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா வழியாகப் பாப்புவா நியூ கினி வரை இம்மரங்கள் பரவியுள்ளன. நோய் நொடியில்லாத மரத்தை வெட்டிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெளிறிய, எடை குறைந்த, மணமில்லாத கட்டை அது.

மரம் காயப்படும்போதுதான் கதை தொடங்குகிறது. கிளை முறிகிறது, மின்னல் தாக்குகிறது, அல்லது புழு துளைக்கிறது. அசாமில் ஜியூசெரா என்ற அந்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் சுரங்கம் குடைந்துகொண்டு போகும். அந்த வழியாகப் பூஞ்சை உள்ளே நுழைகிறது. அது மேலும் பரவாமலிருக்க மரம் அந்த இடத்தைச் சுற்றிக் கரும்பழுப்புப் பிசினைச் சேர்க்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பகுதி கறுத்து, கனத்து, மணம் ஏறிய கட்டையாகிறது. பிசின் மிகுந்த கட்டை நீரில் மூழ்கிவிடும். சீன வணிகர்கள் பல நூற்றாண்டுகளாக இதையே முதல் தரத்தின் அடையாளமாகக் கொண்டார்கள்.

அந்தப் பிசினில் முக்கியமாக இரு வகைச் சேர்மங்கள் உள்ளன. செஸ்குவிடெர்பீன்கள் எண்ணெயாக வடிந்து வரும். குரோமோன்கள் பெரும்பாலும் கட்டையிலேயே தங்கி, சூடேற்றும்போது சிதைந்து புதிய மணங்களைத் தரும். ஒரே மரத்தின் எண்ணெயும் புகையும் வெவ்வேறாக மணப்பது இதனால்தான். எண்ணெய் பிடிக்காத ஒருவருக்குப் புகை பிடித்துப்போவதும் உண்டு.

காடு கொடுத்த விலை

எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்று அனுபவசாலிகள் சில குறிகளை வைத்து ஊகிப்பார்கள்: புழுத் துளைகள், பட்டையின் நிறம், மேல்கிளைகளின் வாட்டம். உறுதியாகத் தெரிவது வெட்டிய பிறகே. அவசரக்காரர் கையில் கோடரி கிடைத்தபோது என்ன நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு மரத்தின் பிசினுக்காக ஒன்றுமில்லாத பல மரங்கள் சாய்க்கப்பட்டன. ஆசியாவின் காட்டு அகில் கண்முன்னே கரைந்தது. இன்று அக்விலாரியா மலாக்கென்சிஸ், அக்விலாரியா கிராஸ்னா இரண்டையும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் மிகவும் அருகிவிட்ட இனங்கள் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் மலாக்கென்சிஸ் இருக்கிறது. ஒன்றைப் பாதுகாத்தது போதவில்லை. அறுத்த கட்டையைப் பார்த்து எந்த இனம் என்று சொல்வது கடினம் என்பதால் கட்டுப்பாட்டுக்குள் வந்த இனம் வேறு பெயரில் கடந்து சென்றது. எனவே 2005 முதல் இரு இனத் தொகுதிகளும் முழுமையாகப் பட்டியலுக்குள் வந்தன. ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு 1 கிலோ வரை கட்டையும் 24 மில்லி வரை எண்ணெயும் கொண்டுசெல்ல இந்த உடன்படிக்கை விலக்கு அளிக்கிறது. நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வாங்கி வருபவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் வல்லப்பட்டை மரத்துக்கும் இதே கதைதான். அது கைரினாப்ஸ் வல்லா. அதிலும் தரமான அகில் விளைகிறது என்பது வெளியே தெரியவந்ததும் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மரம் திருடப்படத் தொடங்கியது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வல்லப்பட்டைப் பொதிகள் பிடிபட்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பல தலைமுறைகளாக யாரும் பொருட்படுத்தாத மரத்துக்கு, அதன் மதிப்பு தெரிந்ததே ஆபத்தாயிற்று.

இந்த அழிவுக்கு விடை நட்டு வளர்ப்பதுதான். ஆனால் நட்ட மரமும் காயப்பட்டால்தான் பிசின் சேர்க்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகத் தாவர நோயியலாளர் ராபர்ட் பிளான்செட்டும் அவருடைய குழுவினரும் 1990களிலிருந்து வியட்நாமில் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். தண்டில் துளையிட்டு, அந்தக் காயம் மூடிக்கொள்ளாமல் வைத்துப் பிசினைத் தூண்டும் முறையை உருவாக்கினார்கள். இன்று தென்கிழக்கு ஆசியா முழுவதும் பூஞ்சைக் கரைசலைச் செலுத்துவது முதல் ஆணியடிப்பது வரை பல உத்திகள் நடைமுறையில் உள்ளன. மேல் அசாமில் கோலாகாட், ஜோர்ஹாட், சிவசாகர் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் பாக்கு மரங்களோடு அகர் மரத்தையும் நட்டு, புழுவின் வரவுக்குக் காத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காட்டு மரத்தின் ஆழம் தோட்ட மரத்துக்கு வராது என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். முதிர்ந்த காட்டுப் பிசினுக்கு ஈடு இல்லை என்பது உண்மைதான். அதற்காக மிச்சமிருக்கும் காட்டு மரத்தையும் வெட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அடுப்பில் நடப்பது

மரத்தை வெட்டியதும் கூரிய உளிகளோடு தொழிலாளர்கள் உட்காருகிறார்கள். வெள்ளைக் கட்டையைச் சிறிது சிறிதாகச் செதுக்கித் தள்ள, கறுத்த ரேகைகள் வெளிப்படுகின்றன. ஒரு கை தவறினால் காசு போய்விடும். கறுத்த துண்டுகள் தூபத்துக்கெனத் தனியே தரம் பிரிக்கப்படுகின்றன. பிசின் குறைந்த பகுதிகள் தூளாக்கப்பட்டு எண்ணெய் வடிக்கப் போகின்றன.

தூளை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். சில நாட்களும் உண்டு, சில வாரங்களும் உண்டு. அசாமில் நீண்ட ஊறல்தான் வழக்கம். அதில் தூள் புளிக்கிறது. புதியவர்களைப் பின்வாங்கச் செய்யும் அந்தக் கொட்டில் வாடை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பிறகு பெரிய கலத்திலிட்டு நாட்கணக்கில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிர்வித்தால் நீரின் மேல் எண்ணெய் மிதக்கும். அதை வழித்தெடுத்து, வடிகட்டி, நீர்ப்பசை போக வெயிலில் வைத்து, பதப்படுத்துவார்கள். இட்ட தூளின் எடையில் ஒரு விழுக்காடு கூட எண்ணெயாகத் தேறாது. புதிதாக வடித்த எண்ணெய் முரட்டுத்தனமாக இருக்கும். ஆண்டுகள் போகப் போகச் சாந்தமாகும்.

ஊறலின் நாட்கள், கலத்தின் உலோகம், கொதியின் வேகம், எந்த நாள் வடித்த எண்ணெய் என்பவை எல்லாம் மணத்தை மாற்றும். எனவே ஊது எண்ணெயைப் பற்றிப் பேசும்போது மரத்துக்குப் பாதிப் பங்கும் வடித்தவரின் கைக்குப் பாதிப் பங்கும் தர வேண்டும்.

ஊருக்கு ஊர் ஒரு மணம்

வணிகத்தில் ஊது எண்ணெய்க்கு ஊர்ப்பெயரே முகவரி. அசாம் எண்ணெயை வளைகுடாவில் 'ஹிந்தி' என்பார்கள். தோல், கொட்டில், பிறகு மசாலாவும் புகையும் கலந்த ஆழ்ந்த மரவாசம் என்று அது விரியும். அரபு ரசிகர்களின் பழைய காதல் இதன் மேல்தான். அசாமின் ஹோஜாய் நகரம் இந்த வணிகத்தின் தாயகம். 1950களில் அங்கிருந்து மும்பைக்கு வந்து கடை வைத்த ஹாஜி அஜ்மல் அலியின் நிறுவனம் பின்னாளில் வளைகுடாவின் பெரிய நறுமண நிறுவனங்களில் ஒன்றானது. எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் சுஜாநகர் என்ற ஊர் தலைமுறைகளாக அகர் வடிப்பில் வாழ்கிறது.

'கம்போடி' என்றால் பழுத்த பழத்தின் இனிப்பும் மென்மையும் சேர்ந்தது. இன்று அந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி தாய்லாந்துத் தோட்டங்களில் வடிக்கப்படுவது. பெயர் இங்கே ஊரைக் காட்டிலும் ஒரு மணப்பாணியையே சுட்டுகிறது. போர்னியோ எண்ணெய் தெளிவாக, சற்றே குளிர்ச்சியாக இருக்கும். பாப்புவா எண்ணெயில் பச்சிலை வாசம் தூக்கலாக நிற்கும். வியட்நாமின் மிக உயர்ந்த கட்டை வகையை ஜப்பானியர் 'கியாரா' என்கிறார்கள். அதன் விலை தங்கத்தையும் தாண்டும்.

தொடங்குபவருக்குக் கம்போடி எளிதாகப் பிடிக்கும். ஹிந்திக்கு நேரம் கொடுக்க வேண்டும். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

புகையின் பண்பாடுகள்

சொர்க்கவாசிகளின் தூபக்கால்களில் அகில் மணக்கும் என்று நபிமொழி சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் அறிஞர் அல் கிந்தியின் பெயரில் வழங்கும் நறுமண நூலில் அகில் சேர்ந்த செய்முறைகள் உண்டு. இன்றும் வளைகுடா வீடுகளில் விருந்து முடியும்போது தூபக்கால் சுற்றி வரும். விருந்தினர் தலைத்துணியின் ஓரத்தை விரித்துப் புகையை வாங்கிக்கொள்வார், ஆடைக்குள்ளும் வாங்கிக்கொள்வார். ஊது வந்தபின் உட்கார்ந்திருப்பது முறையல்ல என்று அவர்களிடம் ஒரு சொல்வழக்கு. மரியாதையோடு விடைகொடுக்கும் வழி அது.

ஜப்பானின் கோடோ என்ற தூபக்கலை வேறு திசையில் போகிறது. அங்கே கட்டையை எரிப்பதே இல்லை. சாம்பலுக்குள் புதைத்த கரித்துண்டின் மேல் மைகா தகடு வைத்து, அதன் மேல் நகக்கீற்றளவு அகில். புகை எழாமல் மணம் மட்டும் எழும். நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் ரஞ்சதாய் என்னும் அகில் கட்டை இருக்கிறது; 156 சென்டிமீட்டர் நீளம், 11.6 கிலோ எடை. 1574இல் போர்த்தலைவர் ஒடா நொபுனாகா அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டதை அவருடைய அதிகாரத்தின் பிரகடனமாகவே வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இந்தியாவில் 7ஆம் நூற்றாண்டுக் காமரூப (பழைய அசாம்) அரசன் பாஸ்கரவர்மன், பேரரசர் ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளில் கரிய அகில் எண்ணெயும் அகில் பட்டையில் எழுதிய சுவடிகளும் இருந்ததாக ஹர்ஷரின் அவைப் புலவர் பாணர் எழுதுகிறார். அந்தப் பட்டைச் சுவடி மரபு அசாமின் வைணவ மடங்களில் சாஞ்சிபாத் என்ற பெயரில் தொடர்ந்தது.

தமிழகத்துக்கும் இந்தக் கட்டை கடல்வழியே வந்து சேர்ந்தது. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுவது சங்கப் பாடல்களில் பலமுறை வரும் காட்சி. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளாக அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று பட்டியலிடுகிறார். கிடாரவன் என்பது கடாரத்துச் சரக்கு. இன்றைய மலேசியாவின் கெடா. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளகில் வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம். பழைய பாடல்களில் மலைநாட்டு அகில் வருமிடமெல்லாம் ஊதுக்கட்டை என்று கொள்ள முடியாது.

குப்பியில் உண்மையில் இருப்பது

மேற்கத்திய நறுமண உலகில் ஊது பெரிதாக நுழைந்தது 2002இல், இவ் சாங் லோரான் நிறுவனத்தின் 'எம் 7' வழியாக. 2007இல் டாம் ஃபோர்டின் 'ஊத் வுட்' வந்தபிறகு அது அலையாகவே மாறியது. இன்று ஊது என்ற சொல் இல்லாத நறுமண நிறுவனம் அரிது. இந்த ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவற்றில் ஊது எண்ணெய் ஒரு சொட்டும் இராது. இருந்தாலும் மிகச் சொற்பமே. ஆய்வகத்தில் ஆக்கிய மரவாசனைப் பொருட்கள், நாகர்மோத்தா எண்ணெய், பச்சோலி, குங்குமப்பூச் சாயல், ரோஜா ஆகியவற்றைச் சேர்த்து ஊதின் தோற்றத்தை உருவாக்குகிறார்கள்.

இதைப் போலி என்று ஒதுக்குவது சரியல்ல. திறமையான கலைஞர்கள் செய்த நல்ல மணங்கள் அவற்றில் உண்டு, காட்டு மரத்துக்கு அவற்றால் பாரமும் இல்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கடைகளில் கேட்கும் பெயர்களையும் இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். 'தெஹ்ன் அல் ஊத்' கலப்பில்லாத எண்ணெயைக் குறிக்க வேண்டிய பெயர். 'முகல்லத்' ஊதோடு ரோஜா, சந்தனம், கஸ்தூரி, அம்பர் போன்றவை கலந்தது. 'பகூர்' தூளும் சில்லும் வாசனை எண்ணெய்களில் ஊறிய தூபக் கலவை. தனிக் கட்டையைத் தேடுபவர் கட்டை என்றே கேட்க வேண்டும்.

ஏமாற்றும் வழிகள்

மரம் தன் பிசினை மறைப்பது போல வியாபாரமும் சரக்கை மறைக்கும். சாதாரணக் கட்டையில் சாயமும் எண்ணெயும் அழுத்தத்தோடு ஏற்றிக் கறுப்பாக்கி விற்பது பரவலான வழக்கம். கனம் கூட்ட உலோகத் தூள் சேர்ப்பதும் உண்டு; அப்படிப்பட்டதை எரித்து மூச்சிழுப்பது உடலுக்கே கேடு. முழுக்க ஒரே கறுப்பாக, மையெழுதியது போல் பளபளக்கும் துண்டைச் சந்தேகிக்க வேண்டும். அசல் கட்டையில் ரேகைகள் இருக்கும், கறுப்பும் பழுப்பும் வெளிறலும் மாறி மாறி வரும். நீரில் மூழ்கினால் அசல் என்ற பழைய சோதனையை மட்டும் நம்ப முடியாது; செயற்கையாகக் கனமேற்றியதும் மூழ்கும்.

எண்ணெயில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். வேறு எண்ணெய்களும் மணமற்ற கரைப்பான்களும் கலப்பார்கள். காகிதத்தில் கறை பார்ப்பது, குளிர்ப்பெட்டியில் உறையவைப்பது என்று சொல்லப்படும் வீட்டுச் சோதனைகள் எதையும் நிரூபிப்பதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஆய்வகத்தின் கேஸ் குரோமட்டோகிராபிதான். அதற்கு வழியில்லாதவருக்குப் பழகிய மூக்கும் நாணயமான வியாபாரியுமே துணை.

எப்படித் தொடங்குவது

முதலில் கட்டையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நடுத்தரத் தோட்டக் கட்டையில் சில கிராம் போதும். கரி நன்றாகப் பற்றி, மேலே வெண்சாம்பல் படர்ந்த பிறகு, ஒரு தகட்டை வைத்து அதன் மேல் சிறு சில்லை இடுங்கள். மின்தூபக்கால் இருந்தால் குறைந்த சூட்டில் வையுங்கள். சற்று நேரத்தில் கட்டையின் மேல் பிசின் பொங்கி நுண்குமிழிகளாக மினுங்கும். அந்தக் கட்டத்தில் எழும் மெல்லிய புகையில்தான் இனிப்பும் மரமும் சேர்ந்த அசல் மணம் இருக்கிறது. குமிழி அடங்கி விறகு கருகும் வாடை வந்ததும் எடுத்துவிடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் புகையைத் தவிர்த்து எண்ணெய்க்குப் போய்விடலாம்.

எண்ணெயைத் தோலாவில் அளப்பார்கள். ஒரு தோலா சுமார் 12 மில்லி. அதில் கால் பங்கை 3 மில்லிக் குப்பியாக விற்பார்கள். இன்னும் சிறிய மாதிரிக் குப்பிகளும் கிடைக்கும், தொடக்கத்துக்கு அவையே நல்லது. குச்சியின் நுனியால் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தால் போதும். உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மாலையில் ஒருமுறை முகருங்கள். காலையில் கொட்டிலாக இருந்த ஹிந்தி, மாலையில் பதமான மரமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். மலிவான கலப்பு அதற்குள் தட்டையாகிப்போயிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். ஒரே அமர்வில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், மூக்கு சோர்ந்துவிடும். தோலுக்கு ஒவ்வுகிறதா என்று முழங்கையின் உட்பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நாட்டு மரம்? காட்டினதா, தோட்டத்தினதா? எந்த ஆண்டு வடித்தது? நேரான பதில் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பழங்காட்டுக் கட்டை என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் அதற்கான அனுமதிப் பத்திரம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஊது ஏழைக்கு எட்டாத அரசர் வாசனை என்ற பேச்சு வியாபாரத்துக்கு வசதியானது. அந்தப் பேச்சுதான் காட்டு மரத்தின் தலைக்கு விலை வைத்தது. தோட்டத்தில் விளைந்த நல்ல எண்ணெயில் ஒரு சிறு குப்பி, அதைப் பொறுமையாக முகர்ந்து பழகிய மூக்கு, எங்கே விளைந்தது என்று கேட்கும் பழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் எவரும் ஊதின் ரசிகராகலாம். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் பதில் வைத்திருக்கத்தான் வேண்டும். அகில் மரம் அடுத்த தலைமுறைக்கும் மிஞ்ச, சட்டத்தோடு நம் ஒவ்வொருவரின் அந்தக் கேள்வியும் தேவை.